வெளுத்த பிளாஸ்டிக்கை மீட்பது எப்படி?

(பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு ஒரு கைவைத்தியம்)

– இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்



நத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் காலையில் வரிசையாக நிறுத்தியிருக்கும் டூ வீலர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புது வண்டிகளுக்கு நடுவே பழைய ஸ்பிளெண்டர், பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., எப்போதாவது ஓர் ஆர்.எக்ஸ். 100 நிற்கும். இன்ஜின் நன்றாகவே ஓடும். ஆனால் கறுப்பாக இருக்க வேண்டிய பாகம் சாம்பல் பூத்திருக்கும். வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகியிருக்கும். ஹெட்லைட் முகப்பு புகை படிந்தது போல் மங்கியிருக்கும். "வண்டிக்கு வயசாயிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அந்த வயதுக்குக் காரணம் என்ன, அதில் எதை மீட்கலாம், எதை மீட்க முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் பாடப்புத்தகத்தில் வார்ப்பிரும்பு, எஃகு, அலுமினியம் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பிளாஸ்டிக் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. நான் சனி, ஞாயிறுகளில் ஒரு டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் கையாளாக வேலை பார்க்கிறேன். அங்கே கை பழகியதையும் லைப்ரரியில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் அப்பாவுக்கு எப்படிச் சொன்னால் விளங்குமோ அப்படியே இங்கேயும் சொல்லப் பார்க்கிறேன்.

1. தகரம் போய் பிளாஸ்டிக் வந்த கதை

பழைய புல்லட், ராஜ்தூத் வண்டிகளில் மட்கார்டு, டூல் பாக்ஸ் எல்லாம் தகரம். நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, பெயிண்ட் அடிப்பார்கள். அந்த வேலைக்கென்றே டிங்கர் கடைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

மோட்டார் சைக்கிளில் பெரிய பாகங்களைப் பிளாஸ்டிக்கில் செய்து உலகமெங்கும் கொண்டுபோன வண்டி ஜப்பானின் ஹோண்டா சூப்பர் கப். அது 1958-ல் வந்தது. அதன் முன் மட்கார்டும், கால்மேல் சேறு அடிக்காமல் தடுக்கும் கவசமும் பாலி எத்திலீனில் செய்யப்பட்டவை. எடை குறைவு, துரு கிடையாது, அச்சில் ஓர் அழுத்து அழுத்தினால் பாகம் தயார். 2017-ல் அந்த வண்டியின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

நம் நாட்டில் 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டும் வந்தன. 1994-ல் ஸ்பிளெண்டர் வந்தது. இந்த வண்டிகளோடு சைடு பேனல், டூம், பின்பக்கக் கவுல் என்று பிளாஸ்டிக் நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. கம்பெனி ஒரிஜினல் பேனல் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. கிடைக்கிற டூப்ளிகேட் பேனல் பல சமயம் கொக்கியில் சரியாக உட்காருவதில்லை. அதனால்தான் இருக்கிற பாகத்தை மீட்கும் வித்தைக்கு மதிப்பு.

2. வெயில் என்ன செய்கிறது?

பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். மல்லிகைச் சரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சரம் நீளமாக இருக்கும்வரை வளைத்தாலும் தாங்கும். நாரை அங்கங்கே அறுத்துவிட்டால் பூ உதிர்ந்துவிடும். அந்த நாரை அறுக்கும் கத்தி, வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்.

நம் இயற்பியல் பாடக் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கலாம். 1,19,600 என்ற எண்ணை, ஒளியின் அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால், ஒரு மோலுக்கு எத்தனை கிலோஜூல் ஆற்றல் என்று கிடைக்கும்.

சிவப்பு ஒளி, 700 நானோமீட்டர்: சுமார் 171 கிலோஜூல்.
ஊதா ஒளி, 400 நானோமீட்டர்: சுமார் 299 கிலோஜூல்.
புற ஊதா, 300 நானோமீட்டர்: சுமார் 399 கிலோஜூல்.

கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அந்தப் பலம் போதாது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவுக்கு உண்டு. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து அடுத்த பிணைப்பு அறுகிறது. இரும்புக்குத் துரு பிடிப்பது போல இது பிளாஸ்டிக்குக்குப் பிடிக்கும் துரு. சூடு இந்த வினையை இன்னும் வேகப்படுத்தும். சித்திரை, வைகாசியில் மதியம் முழுக்க மாந்தோப்புக்கு வெளியே நிறுத்திய வண்டியின் சீட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சேதம் முதலில் மேல்தோலில்தான் நடக்கிறது. உள்ளே போகப் போக புற ஊதாவும் ஆக்சிஜனும் குறைந்துவிடும். மேல்தோல் மட்டும் கெட்டிருந்தால் மீட்கலாம்.

கறுப்புப் பாகங்கள் அதிக நாள் தாங்குவதற்கும் காரணம் இருக்கிறது. அவற்றில் கலக்கும் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் புற ஊதாவைத் தான் வாங்கிக்கொண்டு சங்கிலியைக் காப்பாற்றுகிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பலவும் கறுப்பாக இருப்பது இதனால்தான்.

3. முதலில் இனம் கண்டுபிடியுங்கள்

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்று நினைத்து வேலையில் இறங்கினால் பாகம் பாழாகும். நம் வண்டிகளில் முக்கியமாக நான்கு வகை:

(அ) ஏ.பி.எஸ். – சைடு பேனல், டூம், கவுல். பெரும்பாலும் மேலே பெயிண்ட் இருக்கும்.

(ஆ) பி.பி. எனப்படும் பாலி புரோப்பிலீன் – பெயிண்ட் இல்லாத கறுப்பு உள் மட்கார்டு போன்றவை. தொட்டால் லேசாக மெழுகுத்தன்மை தெரியும்.

(இ) அக்ரிலிக் – டெயில் லைட், இண்டிகேட்டர் மூடிகளில் அதிகம்.

(ஈ) பாலி கார்பனேட் – பிந்தைய வண்டிகளின் ஹெட்லைட் முகப்பு. பழைய வண்டிகளில் இந்த இடத்தில் பெரும்பாலும் நிஜக் கண்ணாடிதான் இருக்கும். நகத்தால் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் வகையின் எழுத்து அச்சிலேயே பதிந்திருக்கும். எழுத்து இல்லையென்றால் மிதவைச் சோதனை செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத பின்பக்க ஓரத்தில் பிளேடால் ஒரு சிறு சீவல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் 100 மில்லி தண்ணீருக்கு 15 கிராம் உப்புக் கரைத்த நீர். இரண்டிலும் ஒரு சொட்டு சோப்பு நீர் விடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டி, மூழ்க வேண்டியதும் மிதக்கும்.

பி.பி.யின் அடர்த்தி சுமார் 0.9. அது வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். ஏ.பி.எஸ். சுமார் 1.05. வெறும் தண்ணீரில் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். அக்ரிலிக் சுமார் 1.18, பாலி கார்பனேட் சுமார் 1.20. இரண்டும் இரண்டு டம்ளரிலும் மூழ்கும். ஓர் எச்சரிக்கை: டால்க் பவுடர் கலந்த பி.பி. எடை கூடி ஏ.பி.எஸ். போலவே நடந்துகொள்ளும். ஆகவே எழுத்து இருந்தால் எழுத்தையே நம்புங்கள்.

4. கழுவிப் பாருங்கள்

பாதி வைத்தியம் கழுவுவதிலேயே முடிந்துவிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் புகை, செம்மண், செயின் கிரீஸ் எல்லாம் சேர்ந்து ஒரு மஞ்சள் படலமாக இருக்கும். பாகத்தைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். ஸ்டிக்கரும் எழுத்தும் உள்ள இடத்தில் துணி மட்டும் போதும்.

காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வண்டியின் நிறத்திலேயே பொடி வந்தால் பெயிண்டின் மேல்தோல் கெட்டிருக்கிறது. பெயிண்ட் இல்லாத பாகத்தில் வெண்பொடி வந்தால் பிளாஸ்டிக்கின் தோலே கெட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

5. வகைக்கு ஒரு வைத்தியம்

பெயிண்ட் அடித்த ஏ.பி.எஸ். பேனல்: பெரும்பாலான சைடு பேனல்களில் மஞ்சளானதும் மங்கியதும் மேலே உள்ள பெயிண்ட்தான். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து மிக லேசாக இழுத்து, பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் வாக்ஸ். நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும் என்பதை மறக்காதீர்கள். ஓரங்களில் பெயிண்ட் மெலிசாக இருக்கும். அங்கே தேய்த்தால் பிரைமர் எட்டிப் பார்த்துவிடும். ஆகவே ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நடுவில் தேயுங்கள்.

பெயிண்ட் இல்லாத வெள்ளை, சாம்பல் ஏ.பி.எஸ்.: ஏ.பி.எஸ்.ஸில் உள்ள பியூட்டாடையீன் ரப்பர்தான் அதன் அடிதாங்கும் குணத்துக்குக் காரணம். முதலில் கெட்டு மஞ்சளாவதும் அதுவே. 2008 வாக்கில் வெளிநாட்டில் பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள், மஞ்சளான பெட்டிகளை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்த்து வெளுக்க வைத்தார்கள். அதே முறை இங்கேயும் செல்லும். மெடிக்கல் ஷாப்பில் 20 வால்யூம் என்று கேட்டால் கிடைப்பது சுமார் 6 சதவீதக் கரைசல். ஒரு பங்கு திரவத்திலிருந்து 20 பங்கு ஆக்சிஜன் வாயு வரும் என்பதால் அந்தப் பெயர். பாகத்திலுள்ள திருகு, லோகோ, இரும்புக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரும்பும் துருவும் பெராக்சைடை வீணாகச் சிதைத்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் பாகம் முழுவதும் மூழ்கும்படி வைத்து வெயிலில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பாதி நனைந்து பாதி காய்ந்தால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். டப்பாவை இறுக மூடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும்.

வெயில்தான் கெடுத்தது, அதே வெயிலைத்தான் மருந்துக்கும் கூப்பிடுகிறோம். பெராக்சைடு இருந்தால் அந்த ஒளி மஞ்சள் நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. ஆனால் அறுந்த சங்கிலியை அது மறுபடி ஒட்டவைப்பதில்லை. நிறம் திரும்பும், பலம் திரும்பாது. நாளடைவில் மஞ்சளும் திரும்பலாம்.

கறுப்பு பி.பி. பாகம்: ஒர்க்‌ஷாப்களில் வழக்கமான வைத்தியம் டீசல், இல்லையென்றால் பழைய இன்ஜின் ஆயில். "டீசல் தொட்டுத் துடைச்சா பளபளன்னு ஆயிரும் தம்பி" என்பார்கள். ஆகும்தான். ஒரு மழை, இரண்டு கழுவல் வரை. அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் அதே கதை.

அதைவிட நல்லது ஹாட் ஏர் கன். மேலே உள்ள வெண்பொடியைக் கழுவி எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டினால் மேல்தோல் லேசாக இளகிக் கறுப்பு திரும்பும். பி.பி. உருகும் வெப்பநிலை சுமார் 160 டிகிரி. கன்னின் வாயில் வெப்பம் அதைவிட மிக அதிகம். ஒரே இடத்தில் காட்டினால் பாகம் கோணிவிடும். ஏ.பி.எஸ். 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே இளகும். அதனால் இந்த முறை அதற்கு வேண்டாம். திரும்பத் திரும்பச் செய்தால் பி.பி.யும் முரடாகிவிடும்.

இன்னொரு முறை, காய்ச்சிய ஆளி விதை எண்ணெய். மெலிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டால் கெட்டியான படலமாக நிற்கும். ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

டெயில் லைட், ஹெட்லைட் முகப்பு: 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர். ஒரு நம்பரை நீளவாக்கில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கே தேயுங்கள். முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். பிறகு பாலிஷ். டெயில் லைட் அக்ரிலிக்குக்கு இதுவே போதும், அது வெயிலை நன்றாகத் தாங்கும். பாலி கார்பனேட் முகப்புக்குப் போதாது. அதன் மேல் கம்பெனியில் போட்ட பாதுகாப்புப் பூச்சைத்தான் நாம் தேய்த்து எடுத்திருக்கிறோம். மேலே புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் அடிக்காவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் கிளியர் என்றால் அதற்குரிய மாஸ்க் இல்லாமல் அடிக்கக் கூடாது. அந்த ஆவி நுரையீரலைக் கெடுக்கும்.

மறுபடி பெயிண்ட்: ஏ.பி.எஸ்.ஸுக்குப் பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மெலிசாகப் பல கோட் அடிக்கலாம். பி.பி.யில் எதுவும் சுலபமாக ஒட்டாது. அதற்கென்று உள்ள ஒட்டுப் பிரைமர் இல்லாமல் அடித்தால் வாழைப்பட்டை உரிவது போல் உரிந்து வரும். நிறத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஆர்.சி.யில் நிறம் பதிந்திருப்பதை நினைவில் வையுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்யாமல் மாற்றக் கூடாது.

உடைந்த கொக்கி: ஏ.பி.எஸ். தூளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி ஒட்டினால் தாய்ப் பொருளோடு ஒன்றாகிவிடும். பி.பி. அசிட்டோனில் கரையாது. அதை சால்டரிங் அயர்னால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

6. பலம் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த இடம்தான்.

மேல்தோல் மிகவும் கெட்டுப் போனால் அதில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரும். வெடிப்பு சிறியதுதானே என்று விட முடியாது. நத்தத்தில் சட்டை தைக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். துணியைச் சும்மா இழுத்தால் கிழியாது. ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டு இழுத்தால் சர்ரென்று நேராகக் கிழிந்து போகும். விசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது. நம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் வரும் தகைவுக் குவிப்பு என்பது இதுதான். கெட்டுப்போன தோலிலுள்ள வெடிப்பு, கீழே உள்ள நல்ல பிளாஸ்டிக்குக்கு அந்தக் கத்தரி வெட்டாக ஆகிவிடுகிறது.

ஆகவே பாலிஷ் போடும் முன் இந்த மூன்றையும் பாருங்கள்:

(1) வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, திருகுத் துளையைச் சுற்றியும் கொக்கிகளின் அடியிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? ஒரு சிறு லென்ஸ் இருந்தால் நல்லது.

(2) கொக்கியை விரலால் மிக லேசாக வளைத்தால் வளைந்து திரும்புகிறதா, அல்லது வளைய மறுத்து அடியில் வெளிறுகிறதா?

(3) 1000 நம்பர் பேப்பரில் கொஞ்சம் தேய்த்ததும் கீழே நல்ல நிறம் வருகிறதா, அல்லது தேய்க்கத் தேய்க்கப் பொடியே வருகிறதா?

மூன்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் அந்தப் பாகத்துக்கு அழகு செய்வதில் பயனில்லை. அலங்காரப் பாகம் என்றால் உள்பக்கம் பட்டை வைத்து ஒட்டிச் சமாளிக்கலாம். மட்கார்டு போல உடைந்து சக்கரத்தில் சிக்கக்கூடிய பாகம் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

7. பளபளப்பும் விலையும்

எங்கப்பா மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. சில வருடங்களுக்கு முன்பு அப்பா ஒரு பழைய வண்டி வாங்கினார். விற்றவர் யார், எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். "புதுசு மாதிரி இருக்குப்பா, பாரு" என்று சந்தோஷமாகக் காட்டினார். அந்தப் பளபளப்புக்காகவே கேட்ட விலையைக் கொடுத்திருந்தார். இரண்டு மழை பெய்தது. பேனல் எல்லாம் வெளுத்துப் போனது. அடுத்த மாதம் கறுப்பு உள் மட்கார்டு திருகுத் துளை அருகே விண்டு, டயரில் உரசத் தொடங்கியது. நல்ல வேளை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றிப் பழைய வெடிப்பு, அதற்கு மேல் எண்ணெய்ப் பூச்சு. அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெயத் தேச்சா எனக்கு எப்படித்தா தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று மேலே எழுதிய மூன்று சோதனைகள்தான் அந்தப் பதில். அவற்றுக்கு மெஷின் எதுவும் வேண்டாம், விரலும் வெளிச்சமும் போதும். பழைய வண்டி வாங்கப் போகும் உங்கள் வீட்டாருக்கும் தெருக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஈரத் துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுப் பேனலின் ஒரு மூலையைத் துடைத்தாலே பூசிய எண்ணெயா, உண்மையான நிறமா என்று தெரிந்துவிடும். துடைக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் அண்ணனிடம் கேட்டு ஒரு பழக்கம் கொண்டு வந்திருக்கிறேன். பில்லின் பின்பக்கம் பாகத்தின் பெயரை எழுதி, எதிரே "பாலிஷ் மட்டும்", "பெயிண்ட்", "மாற்ற வேண்டும்" என்று மூன்றில் ஒன்றை எழுதிக் கொடுக்கிறோம். "இதெல்லாம் எழுதுனா வேல கொறையும்டா" என்றுதான் அண்ணன் முதலில் சொன்னார். இப்போது வருகிற ஆட்களே பில்லைத் திருப்பிப் பார்த்துக் கேட்கிறார்கள்.

8. செய்யக் கூடாதவை

* ஏ.பி.எஸ்., அக்ரிலிக், பாலி கார்பனேட் எதையும் தின்னர், அசிட்டோன், பெட்ரோலால் துடைக்காதீர்கள். சில கரைந்துவிடும், சில மயிரிழை வெடிக்கும்.

* டிஸ்க் பிரேக் ஆயில் பேனலில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெயிண்டை உரித்துவிடும், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

* பிளாஸ்டிக்கைக் கொளுத்திப் பார்த்து வகை கண்டுபிடிக்காதீர்கள். ஏ.பி.எஸ். புகை விஷம்.

* ஹெல்மெட்டில் இந்த வைத்தியம் எதையும் செய்யாதீர்கள். பல ஹெல்மெட்டுகளின் வெளி ஓடு ஏ.பி.எஸ்., உள்ளே இருப்பது தெர்மாகோல் இனம். ஒரு தெர்மாகோல் துண்டைப் பெட்ரோலில் போட்டுப் பாருங்கள், உருகிச் சுருண்டுவிடும். ஹெல்மெட்டைப் பெட்ரோலால் துடைத்தால் தலையைக் காக்கும் மெத்தைக்கும் அதே கதிதான். சோப்பும் தண்ணீரும் மட்டும் போதும். ஓடு வெளுத்து வெடித்திருந்தால் ஐ.எஸ். 4151 முத்திரை உள்ள புதியதை வாங்குங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

9. வராமல் காப்பது

மீட்பதைவிடக் காப்பது சுலபம். நத்தம் பக்கத்துச் சாலையோரப் புளியமரங்கள் எந்தப் பாலிஷையும்விட நல்ல மருந்து. நிழல் இல்லாத இடத்தில் சீட்டையும் டேங்கையும் மட்டும் மூடாமல் பேனலும் மறையும்படி ஒரு பழைய வேட்டியைப் போட்டாலும் போதும். மாதம் ஒருமுறை சோப்புக் கழுவல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ். மொத்தச் செலவு ஒரு பேனலின் விலைகூட வராது.

முடிவுரை

நண்பர்களே, இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. இரண்டு டம்ளர், கொஞ்சம் உப்பு, சில வாட்டர் பேப்பர், பொறுமை. டிப்ளமோ முடித்ததும் எல்லோருக்கும் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிடாது. கிடைக்கும்வரை கையில் ஒரு தொழில் இருப்பது நல்லது. ஆனால் அந்தத் தொழிலை நாம் செய்யும்போது, படிக்காத ஒருவர் நம்மிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். எது பாலிஷ், எது பலம் என்று அவருக்குப் பிரித்துச் சொல்லுங்கள். அதற்காகத்தானே நம் வீட்டில் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.